சிவில் இன்ஜினியரிங்கில் இருந்து ரோபாட் வரை: ராஜ் ரெட்டி நான்கு துறைகளை எப்படி இணைத்தார்?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கினால் வீடுதோறும் இதே பேச்சு. ஒரு கல்லூரியில் 'செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்', இன்னொன்றில் 'ரோபாட்டிக்ஸும் ஆட்டோமேஷனும்'. எதை எடுப்பது? வேலை விளம்பரங்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஏஐ தெரிந்திருக்க வேண்டும், ரோபாட் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், நிறுவனம் எதில் பணம் போடலாம் என்று வியூகம் வகுக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும் என்று ஒரே பதவிக்கு நான்கு தகுதிகளை அடுக்குகிறார்கள்.

இவை நான்கு தனித்தனித் தொழில்களா, ஒட்டிவரும் ஒரே வேலையா? நான்கையும் ஒருசேரச் செய்துகாட்டிய ஒருவரின் பாதையைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை, 1994ஆம் ஆண்டுக்கு, சக கணினி அறிவியலாளர் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்ட ராஜ் ரெட்டி அப்படி ஒருவர். பெரிய அளவிலான செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை வடிவமைத்துக் கட்டியதற்காக அந்த விருது தரப்பட்டது. இங்கே 'கட்டியது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அவருடைய நான்கு துறைகளும் அந்தச் சொல்லில்தான் சேர்கின்றன.

முதலில் நான்கு சொற்கள்

1. செயற்கை நுண்ணறிவு: பேச்சு, படம், எழுத்து போன்ற தெளிவில்லாத தரவில் இருந்து ஒரு முடிவுக்கு வருவது. முடிவு எப்போதும் நிகழ்தகவுதான். நூறு சதவீதம் சரி என்பது இதில் கிடையாது.

2. ரோபாட்டிக்ஸ்: உணர்வது, கணிப்பது, அசைவது என்ற மூன்றையும் ஒரு சுற்றாக விடாமல் ஓட்டுவது. கணிப்பு சரியாக இருந்தும் தாமதமாக வந்தால் அது தவறான கணிப்புதான். ஏஐக்கும் ரோபாட்டிக்ஸுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த நேரக் கணக்கு.

3. வியூகம்: கையில் இருக்கும் பணத்தையும் ஆட்களையும் ஆண்டுகளையும் எந்தக் கேள்வியின் மேல் போடுவது, வெற்றியை எதை வைத்து அளப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது.

4. கற்பித்தல்: வகுப்பில் பாடம் நடத்துவது இதில் ஒரு பகுதி. தான் இல்லாமலும் அந்த அமைப்பைக் கட்டக்கூடிய ஆட்களை உருவாக்குவது பெரிய பகுதி.

கிண்டியில் இருந்து பிட்ஸ்பர்க்

ராஜ் ரெட்டி 1937இல் சித்தூர் மாவட்டம் காட்டூரில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். 1958இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை, பிறகு அங்கேயே ஐபிஎம் நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை. அதன்பின் ஸ்டான்ஃபோர்டு போய், 1966இல் செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வுப் பட்டம் முடித்தார். 1969இல் பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த நாட்களிலேயே அவரும் மாணவர்களும் வாயால் சொல்லும் கட்டளைக்கு ரோபாட் கை மரக்கட்டைகளைத் தூக்கும்படி செய்தார்கள். ஏஐயும் ரோபாட்டிக்ஸும் அவரிடம் சந்தித்தது அங்கேதான். பேச்சுணர்தலில் ஒரு சொல் பிழைத்தால் திரையில் தப்பான எழுத்து வரும். ரோபாட்டோடு இணைத்த பிறகு அதே பிழை தப்பான மரக்கட்டையைத் தூக்கும்.

1971: இலக்கை எழுதுவது எப்படி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்பா, 1971இல் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்காக ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கார்னகி மெலன் கணினி அறிவியலாளர் ஆலன் நியூவெல் தலைமையில் ஒரு குழு அதற்கான இலக்கை எழுதியது. அந்தக் குழுவின் வேலையை ஏஐ வியூகத்துக்கு இன்றும் மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். 'பேச்சைக் கணினிக்குப் புரியவைப்போம்' என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒவ்வொரு நிபந்தனையையும் பிரித்து எழுதினார்கள்.

1. சொல் சொல்லாக நிறுத்திப் பேசாமல், தொடர்ச்சியாகப் பேசுவதை ஏற்க வேண்டும்.
2. ஒத்துழைக்கும் பல பேர் பேசலாம். ஒவ்வொருவருக்கும் சிறிது சரிசெய்துகொள்ள அனுமதி உண்டு.
3. அமைதியான அறை, நல்ல மைக்.
4. 1,000 சொற்கள், கட்டுப்படுத்தப்பட்ட இலக்கணம், குறுகிய ஒரு பணி.
5. பொருள் பிழை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஐந்தாவதில் இருக்கும் நுட்பம் முக்கியமானது. அவர்கள் அளக்கச் சொன்னது சொல் பிழையை அல்ல, பொருள் பிழையை. கேட்டவர் விரும்பிய பதில் கிடைத்துவிட்டால், இடையில் ஒரு சொல் மாறிக் கேட்டிருந்தாலும் அது தேர்ச்சி. எதை அளக்கிறோம் என்பதை மாற்றினால் எந்த வடிவமைப்பு ஜெயிக்கும் என்பதே மாறிவிடும்.

ஒரே கூரைக்குள் இரண்டு வடிவமைப்புகள்

ரெட்டியின் குழு இந்த இலக்கை இரண்டு வழிகளில் துரத்தியது.

முதல் வழி ஹியர்சே-2. இதன் மையம் 'கரும்பலகை' என்ற கருத்து. ஒலியை அறிந்த ஒரு நிரல், அசையை அறிந்த ஒன்று, சொல்லை அறிந்த ஒன்று, இலக்கணத்தை அறிந்த ஒன்று என்று தனித்தனி நிபுணர்கள். யாரும் யாரோடும் நேராகப் பேச மாட்டார்கள். எல்லோரும் ஒரு பொதுப் பலகையில் தங்கள் ஊகத்தை எழுதுவார்கள், அடுத்தவர் எழுதியதைப் பார்த்து தங்கள் ஊகத்தைத் திருத்துவார்கள். பிற்காலத்தில் பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத பல துறைகளில் இந்த அமைப்பு கையாளப்பட்டது.

இரண்டாவது வழி ஹார்ப்பி. புரூஸ் லோவர் 1976இல் முடித்த ஆய்வேடு இது. அதற்கு முன் ஜேம்ஸ் பேக்கர் அதே பல்கலைக்கழகத்தில் டிராகன் என்ற அமைப்பைக் கட்டியிருந்தார். ஒலி, சொல், இலக்கணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரே பெரிய வலைப்பின்னலாக்கி, நிகழ்தகவை வைத்து அதில் வழி தேடுவது டிராகனின் முறை. ஹார்ப்பி அந்த வலைப்பின்னலையும் ஹியர்சேயின் சில யோசனைகளையும் சேர்த்துக்கொண்டது. சுமார் 15,000 நிலைகள் கொண்ட அந்த வலையில், பேசிய ஒலிக்கு மிகப் பொருந்தும் பாதையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இதை எண்ணில் பார்த்தால் சிக்கல் புரியும். 10 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒலியைப் பரிசோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நொடி வாக்கியத்துக்கு 300 பரிசோதனைகள். ஒவ்வொன்றிலும் 15,000 நிலைகளையும் ஒப்பிட்டால் 45 லட்சம் ஒப்பீடுகள். அன்றைய கணினிக்கு இது பெரும் சுமை.

தீர்வு, பீம் சர்ச். இந்தப் பெயரை 1977இல் ரெட்டிதான் வைத்தார். இருட்டில் டார்ச் அடித்து நடப்பது போன்ற முறை. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னணியில் இருக்கும் பாதையையும், அதற்கு ஓரளவு பக்கத்தில் மதிப்பெண் எடுத்த பாதைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அப்போதே விட்டுவிட வேண்டும். விட்டதைத் திரும்பிப் பார்ப்பது கிடையாது.

இதில் எங்கே பிழை வரும்? 'களை எடுக்க ஆள் வேண்டும்' என்று ஒருவர் சொல்கிறார். முதல் சொல்லில் நாக்கு சரியாக மடியவில்லை. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் 'கலை' முன்னணியில் இருக்கும், 'களை' சற்றுப் பின்னால் இருக்கும். டார்ச்சின் வெளிச்சம் குறுகலாக இருந்தால் 'களை' அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். 'எடுக்க ஆள்' என்ற அடுத்த சொற்கள் வந்து சாட்சி சொல்லும்போது காப்பாற்ற ஆள் இருக்காது. வெளிச்சத்தை அகலமாக்கினால் 'களை' பிழைக்கும், நேரமும் நினைவகமும் கரையும். அகலத்தை எவ்வளவு வைப்பது என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைக்கு மொழிபெயர்ப்பு நிரல்களிலும் பேச்சை எழுத்தாக்கும் நிரல்களிலும் 'பீம் அகலம்' என்று ஓர் அமைப்பு இருக்கிறதே, அதன் மூதாதை இதுதான்.

முடிவு என்ன ஆனது? ஹார்ப்பி 1,011 சொற்களில், ஐந்து பேர் பேசிய 184 வாக்கியங்களை வைத்துச் சோதிக்கப்பட்டது. பொருள் பிழை 5 சதவீதம். இலக்கு கேட்டதில் பாதி. அதாவது 95 சதவீதம் சரி. ஹியர்சே-2 ஏறக்குறைய 90 சதவீதம் சரி என்ற அளவில் நின்றது. வடிவமைப்பில் அழகான அமைப்பு பின்தங்கியது, எளிய இயந்திரத்தனமான தேடல் முந்தியது. ரெட்டி இரண்டையும் தன் கூரைக்குள்ளேயே வளரவிட்டார். தனக்குப் பிடித்த வடிவமைப்பு ஒன்றில் மட்டும் ஐந்தாண்டுப் பணத்தையும் போட்டிருந்தால், இலக்கைத் தாண்டிய அமைப்பே உருவாகாமல் போயிருக்கலாம். வியூகம் என்பதை நடைமுறையில் காட்டும் இடம் என்று இதையே சொல்வேன்.

இலக்கை எட்டியும் பணம் நின்றது

1976இல் திட்டம் முடிந்தபோது ஆர்பா அடுத்த கட்டத்துக்குத் தொடர் நிதி தரவில்லை. இலக்கில் எழுதியபடி எல்லாம் செய்தும் ஏன்?

ஹார்ப்பியின் வெற்றி இலக்கணக் கட்டுப்பாட்டின் தோளில் நின்றது. சொற்கள் ஆயிரம் இருந்தாலும், எந்த இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொற்கள் சராசரியாக 33தான். ஆயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் 33இல் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. சொல் பட்டியலில் சிறிது மாற்றினாலும் முழு வலைப்பின்னலையும் மறுபடி கட்ட வேண்டும். எழுத்தின்படி பார்த்தால் இலக்கு எட்டப்பட்டது. மனிதர்கள் பேசுகிறபடி பேசி வேலை வாங்கும் கணினி என்ற எதிர்பார்ப்புக்கோ அது எட்டவில்லை. அளவுகோலை எழுதும்போதே 'இதைக் குறுக்குவழியில் எட்ட முடியுமா' என்று எதிராளியின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இந்த இடைவெளியைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த எண்கள் அப்பட்டமாகக் காட்டின. ரெட்டியின் மாணவர் கை-ஃபூ லீ 1988இல் முடித்த ஸ்ஃபிங்ஸ் அமைப்பு, முன்பயிற்சி இல்லாமல் யார் பேசினாலும் கேட்டது. 997 சொற்கள். அடுத்து வரக்கூடிய சொற்களின் சராசரியைப் பெர்ப்ளெக்ஸிட்டி என்பார்கள். அது 20 ஆக இருந்தபோது சொல் துல்லியம் 96 சதவீதம், 60 ஆனபோது 94, இலக்கணத்தை எடுத்துவிட்டு 997 ஆக்கியபோது 71. அதே காது, அதே ஒலி. ஏதாவது ஒரு நிறுவனம் '96 சதவீதத் துல்லியம்' என்று விளம்பரம் செய்தால் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இந்த மூன்று எண்களில் இருக்கிறது: எத்தனையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது?

ரெட்டி அப்போது நிபுணர் அறிவை விதிகளாக எழுதும் முறையை நம்பினார். லீ புள்ளியியலை நம்பினார். ஆசிரியர் உடன்படாமலேயே ஆதரவு தந்தார் என்று லீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுகிற எவருக்கும் இதன் எடை தெரியும். கணினி நேரமும் நிதியும் ஆசிரியர் கையில் இருக்கும். அதைத் தன் கருத்துக்கு எதிரான சோதனைக்குக் கொடுப்பது எளிதல்ல.

ரோபாட்டிக்ஸ் நிறுவனம்: நேரமும் சக்கரமும்

1979இல் கார்னகி மெலனில் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கியபோது ரெட்டி அதன் முதல் இயக்குநர். 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மின்சாதன நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸ் தொடக்கத்திலேயே ஆதரவு தந்தது. தொழிற்சாலைகள் சூழ்ந்த பிட்ஸ்பர்கில், ஆய்வுக்கான கேள்விகள் தொழிற்சாலைத் தரையில் இருந்து வந்தன. 1988இல் ரோபாட்டிக்ஸுக்கென்றே தனி முனைவர் பட்டத் திட்டம் தொடங்கியது. அதுவரை ரோபாட் ஆய்வாளர் என்றால் இயந்திரவியலிலோ மின்னியலிலோ கணினி அறிவியலிலோ பட்டம் பெற்றவராகத்தான் இருந்தார்.

அங்கே உருவான ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். டீன் பாமர்லோ 1980களின் இறுதியில் உருவாக்கிய ஆல்வின், கேமராப் படத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பும் நரம்பணு வலை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் நிரல். படம் 30க்கு 32 புள்ளிகள், ஆக 960 உள்ளீடுகள். பிந்தைய வடிவத்தில் நடு அடுக்கில் நான்கைந்து அலகுகள்தான், வெளியீட்டில் 30. நடுவில் நான்கு அலகு என்று எடுத்துக்கொண்டால் இணைப்புகள் மொத்தம் 3,960. மனிதர் ஓட்டுவதை ஏறக்குறைய ஐந்து நிமிடம் பார்த்தால் கற்றுக்கொள்ளும்.

அதில் இரண்டு கோளாறுகள் வந்தன. இன்றும் ரோபாட்டுக்குப் பார்த்துப் பழகக் கற்றுத்தருகிறவர்கள் இந்த இரண்டிலும் இடறுகிறார்கள்.

1. நன்றாக ஓட்டுபவரைப் பார்த்துக் கற்றால் தவறில் இருந்து மீளத் தெரியாது. திறமையான ஓட்டுநர் சாலையின் ஓரத்துக்குப் போவதே இல்லை. அதனால் ஓரத்தில் இருந்து நடுவுக்குத் திரும்பும் படம் பயிற்சித் தரவில் ஒன்றுகூட இருக்காது. வண்டி தானாக ஓடும்போது ஒரு சிறு பிழையில் கொஞ்சம் விலகும். அந்தக் காட்சி அதற்குப் புதிது. தப்பாகத் திருப்பும், இன்னும் விலகும். பாமர்லோ செய்த பரிகாரம்: எடுத்த படத்தையே கணக்கின் மூலம் இடமும் வலமும் நகர்த்தி, 'வண்டி இப்படி விலகியிருந்தால் இப்படித் தெரியும்' என்ற செயற்கைப் படங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் சரியான திருப்பத்தையும் கணக்கிட்டுச் சேர்த்தார்.

2. கடைசியாகப் பார்த்ததே மனதில் நிற்கும். வலப்பக்க வளைவில் சிறிது நேரம் ஓடினால் எப்போதும் வலப்பக்கம் திருப்பும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பழைய படங்களில் பல வகைகளையும் ஒரு சேமிப்பில் வைத்து, இடமும் வலமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு மறுபடி மறுபடி காட்டியதால் இது தீர்ந்தது.

1995இல் பாமர்லோவும் டாட் ஜோக்கமும் கார்னகி மெலனின் சோதனை வண்டியான நேவ்லேப்-5இல் பிட்ஸ்பர்கில் இருந்து சான் டியேகோ வரை போனார்கள். 2,849 மைல் தூரத்தில் 98.2 சதவீதம் வண்டியே ஸ்டியரிங்கைப் பிடித்தது. அதற்குள் ஆல்வினின் இடத்துக்கு ரால்ஃப் என்ற வேறு நிரல் வந்திருந்தது. வேகமும் பிரேக்கும் மனிதர் கையில் இருந்தன. 98.2 என்ற எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

வியூகமும் ஆலோசனையும்

1991 முதல் 1999 வரை ரெட்டி கணினி அறிவியல் பள்ளியின் டீன். மொழித் தொழில்நுட்பம், மனிதர் கணினி உறவு, தானியங்கிக் கற்றல் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிலையங்கள் அந்தக் காலத்தில் உருவாயின. 1999 முதல் 2001 வரை அமெரிக்க அதிபரின் தகவல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கு இணைத் தலைவர். அரசின் ஆய்வு நிதி உடனடிப் பலன் தரும் வேலைகளின் பக்கம் அதிகம் சாய்ந்துவிட்டது என்று அந்தக் குழு 1999இல் எச்சரித்திருந்தது. 1980களில் பாரிஸில், கணினியை வளரும் நாடுகளின் மக்களுக்குப் பயன்படுத்தும் ஓர் உலக மையத்தில் தலைமை அறிவியலாளராகவும் இருந்தார். 1984இல் பிரான்ஸ் அவருக்கு லீஜியன் ஆஃப் ஆனர் விருது தந்தது.

இந்தப் பதவிகளில் உட்கார அவருக்குத் தகுதி தந்தது எது? ஒரு திட்டம் ஏட்டில் எப்படி இருக்கும், இரவு பத்து மணிக்கு ஆய்வகத்தில் எப்படி இருக்கும் என்ற இரண்டையும் அறிந்திருந்தது. வியூகம் மட்டும் படித்தவருக்கு 33க்கும் 1,011க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாது. நிரல் மட்டும் எழுதியவருக்கு, பணம் ஏன் நின்றது என்று புரியாது.

வகுப்பறை: 0.4 புள்ளி

கற்பித்தலில் ரெட்டியின் பெயர் இந்தியாவில் இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்தே வரும். ஒன்று 1998இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐஐஐடி ஹைதராபாத். அதன் ஆட்சி மன்றத் தலைவராக அவர் இருந்தார். மற்றொன்று 2008இல் அன்றைய ஆந்திர அரசு தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுசார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் வேந்தராக இருந்தார்.

இரண்டாவதை விரிவாகப் பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் பாசர், நூஜிவீடு, இடுபுலபாயா என்று நகரத்துக்கு வெளியே மூன்று வளாகங்கள். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சேர்க்கை, ஆறு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு, தங்கிப் படிக்க விடுதி, கையில் லேப்டாப். நுழைவுத் தேர்வு இல்லை. சேர்க்கை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து. அரசுப் பள்ளியில் படித்தவர்களின் 10 புள்ளி அளவிலான தரப்புள்ளியோடு 0.4 கூட்டும் வழக்கமும் வந்தது.

இங்கும் பழைய கணக்கே வேலை செய்கிறது. நுழைவுத் தேர்வு என்ற அளவுகோல் எதை அளக்கிறது? திறமையையும், கோச்சிங் வகுப்புக்குக் கொடுத்த பணத்தையும் சேர்த்தே அளக்கிறது. பதினேழு வயது வரை காத்திருந்தால் இரண்டாவது பங்கு பெருகிவிடும். அதனால் இரண்டு ஆண்டு முன்பே, பதினைந்து வயதில் சேர்த்துக்கொள்கிறார்கள். 0.4 என்பது சலுகை என்பதைவிட, அளவுகோலின் ஒரு சாய்வைத் திருத்தும் எண் என்றே கொள்ள வேண்டும். நுழைவுத் தேர்வா வேண்டாமா என்று தமிழ்நாட்டில் நடக்கும் விவாதத்தைத் தொடர்பவர்களுக்கு இது பழக்கமான வாதமாகவும் இருக்கும்.

இந்த வழியில் இறங்குகிறவர் எதில் தொடங்கலாம்?

படிப்பின் பெயர் எதுவாக இருந்தாலும், நான்கையும் ஒரு சிறிய அமைப்பில் சேர்த்துப் பழகலாம். இரண்டு சக்கர ரோபாட் ஒன்று, பத்துத் தமிழ்க் கட்டளைகள், ஓர் ஆண்டு போதும். வரிசை முக்கியம்.

1. இலக்கை முதலில் எழுதுங்கள். 'ரோபாட் தமிழ் கேட்கும்' என்பது இலக்கு ஆகாது. 'மின்விசிறி ஓடும் அறையில், இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்து, இதற்கு முன் குரல் பதிவு தராத ஒருவர் சொல்லும் பத்துக் கட்டளைகளில் 100க்கு 95 சரியாக நடக்க வேண்டும்' என்பது இலக்கு.

2. சக்கரத்தை அளங்கள். மலிவான ரோபாட்டுகளில் 65 மில்லிமீட்டர் விட்டச் சக்கரம் பரவலாக வரும். ஒரு சக்கரம் 65, இன்னொன்று 64.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே 150 மில்லிமீட்டர். இரண்டும் சமமாகச் சுற்றி 10 மீட்டர் போனால் ரோபாட் சுமார் 29 டிகிரி திரும்பியிருக்கும். நேர்கோட்டில் இருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் விலகியிருக்கும். அரை மில்லிமீட்டர் செய்யும் வேலை இது. நிரலில் பிழை தேடி ஒரு வாரம் போவதற்கு முன், தரையில் சாக்பீஸ் கோடு போட்டு பத்து முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் விலகுகிறது என்று குறியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் சக்கர அளவு. மாறி மாறி என்றால் வழுக்கல்.

3. கட்டளைச் சொற்களைக் காதால் தேர்ந்தெடுங்கள். 'முன்னால்', 'பின்னால்' இரண்டும் முதல் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. விசிறிச் சத்தத்தில் அந்த முதல் எழுத்துதான் முதலில் அழியும். 'போ', 'வா' போன்ற ஓரெழுத்துச் சொற்களில் இயந்திரம் பிடித்துக்கொள்ள ஒலியே குறைவு. 'நேராகப் போ', 'திரும்பி வா' என்று நீளமும் வடிவமும் வேறுபடும் தொடர்களை எடுத்தால், நிரலைத் தொடாமலேயே பிழை குறையும்.

4. குரல்களை ஆள் வாரியாகப் பிரியுங்கள். 20 பேர், பத்துக் கட்டளை, ஒவ்வொன்றும் ஐந்து முறை என்றால் 1,000 பதிவுகள். இவற்றைக் குலுக்கி 800 பயிற்சிக்கு, 200 சோதனைக்கு என்று பிரிப்பது மிகப் பரவலான தவறு. அதே ஆளின் குரல் இரண்டு பக்கமும் விழும், துல்லியம் பொய்யாக உயரும். 16 பேரைப் பயிற்சிக்கும், மீதி நான்கு பேரைச் சோதனைக்கும் வையுங்கள். அப்படியும் 200 பதிவுகளில் 95 சதவீதம் எடுத்த நிரலுக்கும் 93 எடுத்த நிரலுக்கும் இடையிலான வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். நான்கே பதிவுகளின் வித்தியாசம் அது.

5. நிறுத்தும் கட்டளையைப் பேச்சை மட்டும் நம்பி விடாதீர்கள். பேச்சு கேட்டுப் புரிந்து முடிக்க 0.8 நொடி ஆகிறது, ரோபாட் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது என்றால், 'நில்' என்று சொல்லி முடித்த பிறகும் 40 சென்டிமீட்டர் ஓடும். மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை நேராக வெட்டும் ஒரு பொத்தான், நிரலின் வழியே போகாமல், உடம்பிலேயே இருக்க வேண்டும்.

6. கடைசியில், செய்முறையை நான்கு பக்கத்தில் எழுதி, உங்களைத் தெரியாத ஒரு முதலாண்டு மாணவரிடம் பாகங்களோடு கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் நின்று நிமிர்ந்து பார்க்கிறாரோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் முதல் கோடு, பேட்டரியையும் மோட்டார் இயக்கியையும் இணைக்கும் இடத்தில், கட்டுப்பாட்டுப் பலகைக்கும் அவற்றுக்கும் தரை இணைப்பு (கிரவுண்ட்) ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எழுத மறந்த வரியில் விழும்.